ஊசி மாற்றியதும் போன குரல்

"என்ரை வீட்டிலை களவு போயிருக்கு, பிள்ளை," என்றார் செபநாயகம். "பொலிசுக்குப் பாட்டுத் தட்டு எண்டுதான் எழுதிக் குடுத்தனான். போனது குரல் எண்டு எழுத வெக்கமாய் இருந்தது."

பராசக்தி பேனாவை மூடினாள். இருபத்திரண்டு வருடம் ஒரு காப்புறுதிக் கொம்பனிக்காகப் பொய்க் கோரிக்கைகளைப் பிடித்துக்கொடுத்துவிட்டு, ஐம்பது வயதில் ஆஸ்பத்திரி வீதியில் ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையின் மேல்மாடியில் சொந்தமாக விசாரணை அலுவலகம் தொடங்கியவள். தானாக எரிந்த படகு, தானாகத் தொலைந்த உழவு இயந்திரம், செத்து எட்டு மாதம் கழித்துக் கையெழுத்துப் போட்ட மாமனார் எல்லாம் பார்த்தாயிற்று. குரல் களவு இதுதான் முதல் தடவை.

"குரலுக்கு அடையாளம் ஏதும் இருக்கோ, ஐயா?" என்று கஜீபன் கேட்டான். "மச்சம், தழும்பு?"

கஜீபன் அவளுடைய உதவியாளன். அவர்கள் வந்திறங்கிய முச்சக்கர வண்டியும் அவனுடையதுதான். வண்டிக்குப் போன மாதம் புதுப் பிரேக் போட்டவன், வாய்க்கு இன்னும் போடவில்லை. பராசக்தி பார்த்த பார்வையில் அவன் சுவரில் தொங்கிய படத்தின் பக்கம் திரும்பிக்கொண்டான்.

கொழும்புத்துறையில் கடலேரிக்கு இரண்டு ஒழுங்கை தள்ளிய வீடு. சுவரில் ஒரு இளம் பெண்ணின் பெரிய படம், அதற்குக் கீழே அணையாத சிவப்புப் பல்ப். படத்துக்கு நேரே, பூவேலை செய்த துணி விரித்த மேசையில் ரெக்கோர்ட் பிளேயர். செபநாயகம் கடற்றொழில் சங்கமொன்றில் இருபது வருடம் காரியதரிசியாக இருந்தவர். முறைப்பாட்டைக்கூட மூன்று பிரதி எடுத்து நூல் கட்டி வைத்திருந்தார்.

"உது றெஜினா. என்ரை மனிசி," என்றார் படத்தைக் காட்டி. "எண்பத்தி மூண்டாம் ஆண்டு கோயில் பாடகர் குழு ஒரு தட்டு வெளியிட்டது. அதிலை முழுப் பாட்டும் அவதான். எண்பத்தைஞ்சிலை நெருப்புக் காய்ச்சலிலை போயிட்டா. அண்டையிலை இருந்து ஒவ்வொரு நாளும் பின்னேரம் ஆறு மணிக்கு நான் அந்தத் தட்டைப் போடுவன். அடுத்த வருசம் அவவின்ரை தங்கச்சியைக் கட்டினன்."

தங்கச்சி யன்னலோரம் இருந்து செபமாலை கோத்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு ஒரு பெயர் இருப்பதாக அவர் சொல்லவில்லை. பராசக்திதான் கேட்டாள்.

"மக்டலீன்," என்றாள் அந்த அம்மா, தலை நிமிராமல்.

நடந்தது இதுதான். பிளேயரின் ஊசி தேய்ந்து இரைச்சல் வந்தது. குருநகரில் றேடியோ திருத்தும் கனிசியஸ் அதைக் கடைக்கு எடுத்துப்போய், ஊசியையும் அது பொருந்தியிருக்கும் சின்னப் பெட்டியையும், அதாவது காட்ரிட்ஜை, புதிதாக மாற்றினான். சோதித்துப் பார்ப்பதற்காகத் தட்டையும் வாங்கிப் போயிருந்தான். புதன்கிழமை காலை பதினொரு மணிக்கு இரண்டையும் கொண்டுவந்து வைத்தபோது செபநாயகம் கண் கிளினிக்கில் இருந்தார். பின்னேரம் ஆறு மணிக்குத் தட்டைப் போட்டார். றெஜினா இல்லை.

"நல்ல தட்டை ஆரோ வெளிநாட்டுக்காரனுக்கு வித்துப்போட்டு, கள்ளத் தட்டைத் தந்திட்டான். திங்கக்கிழமை காலமை அவனை ஸ்ரேசனுக்குக் கூப்பிட்டிருக்கினம். அதுக்கு முதல் நீங்கள் என்ரை தட்டைக் கண்டுபிடிச்சுத் தரவேணும்."

"முதல்லை கேப்பம், ஐயா."

அவர் ஊசியை இறக்கினார். ஆர்மோனியம் தெளிவாக வந்தது. அதற்குப் பின்னால் எங்கோ ஒரு பெண் குரல், சுருதி கொஞ்சம் கீழே நின்று, சொற்களை அடக்கிப் பாடிக்கொண்டு போனது. பாட்டின் நடுவில் மட்டும் பெரிய ஓட்டை. அந்த ஓட்டைக்குள், கிணற்றுக்குள் நின்று யாரோ கதைப்பது போல ஒரு மங்கிய நிழல்.

"கேக்குதோ? மூலையிலை ஆரோ ஒருத்தி இழுத்துக்கொண்டு நிக்கிறாள். அவ்வளவுதான். றெஜினாவைக் காணேல்லை."

கஜீபன் போன் வெளிச்சத்தில் ஊசியைப் பார்த்தான். தூசி இல்லை. ஊசியைத் தாங்கும் கை துள்ளவில்லை, அதன் பாரமும் சரி. ஸ்பீக்கர் வயரை இழுத்துப் பார்த்தான், இறுக்கமாக இருந்தது. ஆனால் ஸ்பீக்கர் ஒன்றுதான் இருந்தது.

"மற்றது எங்கை, ஐயா?"

"மழைக்குக் கூரை ஒழுகிப் பழுதாப் போச்சுது. ரெண்டு பக்கத்துச் சத்தத்தையும் சேத்து உந்த ஒண்டுக்குள்ளை விட, அம்பிளிபயரிலை ஒரு பொத்தான் இருக்கு. அதை அமத்திப் பிளாஸ்ரர் ஒட்டி விட்டிருக்கிறன். அதை ஒருத்தரும் தொடக்கூடாது."

தட்டில் "டிக், டிக்" என்று ஒரு சத்தம் சுற்றுக்கொரு தரம் வந்துபோனது. செபநாயகத்தின் விரல் அதற்கு ஒரு நொடி முன்னதாகவே நாற்காலிக் கையில் தட்டியதைப் பராசக்தி கவனித்தாள்.

"உந்த டிக் சத்தம் உங்களுக்குப் பழக்கமோ?"

"ஓம். மகள் லவீனா சின்னனிலை கரண்டியாலை கீறினது."

"கள்ளத் தட்டு செய்தவன் உங்கடை மகளின்ரை கரண்டிக் கீறலையும் சேத்தோ செய்தவன்?"

செபநாயகம் குனிந்து தட்டைப் பார்த்தார்.

"வேறை தட்டு ஏதும் இருக்கோ?"

ஐம்பதுகளில் வந்த ஒரு லத்தீன் பூசைப் பாட்டுத் தட்டு அலுமாரிக்கு மேல் கிடந்தது. பராசக்தி அதைப் போட்டாள். இரைச்சலைத் தவிர ஒன்றுமே வரவில்லை. ஒரு கோயில் நிறைந்த பாடகர்களும் சொல்லி வைத்தாற்போல் ஊமையாகியிருந்தார்கள்.

"இதையும் கனிசியஸ் வித்துப்போட்டானோ?" என்றான் கஜீபன். "வாங்கின வெளிநாட்டுக்காரன் பெரிய பக்திமான்தான்."

"தட்டு உங்கடைதான், ஐயா," என்று பராசக்தி எழுந்தாள். "பிழை பிளேயருக்குள்ளை இருக்கு. பின்னேரம் வாறன்."

வண்டியில் அவள் தன் கணக்கைச் சொன்னாள். கனிசியஸ் வயரை மாற்றிக் கொழுவிவிட்டான். களவும் இல்லை, கள்ளனும் இல்லை. மத்தியானச் சாப்பாட்டுக்கு முன் வழக்கு முடியும்.

"அப்ப குத்தரிசிச் சோறும் மீனும்," என்றான் கஜீபன். "இல்லையெண்டா?"

"இல்லையெண்டா பாணும் சம்பலும்."

குருநகரில் கனிசியஸின் கடை ஒரு கதவு அகலம். நாற்பது வயது மனிதன், மூன்று நாள் சவரம் செய்யாத முகம். அலுமாரித் தட்டுகள் பாதி வெறுமையாக இருந்தன. தூசிக்கு நடுவே, அங்கங்கே பொருள் இருந்து எடுத்த சதுரங்கள் தெரிந்தன.

"ஏழு பேர் வந்து சாமானைத் திருப்பி எடுத்துக்கொண்டு போட்டினம், அக்கா," என்றான். "திருத்தாமலே. ஒருத்தர் என்ரை முகத்தைக்கூடப் பாக்கேல்லை. பதினெட்டு வருசக் கடை. செபநாயகம் ஐயா பூசை முடிஞ்சு கோயில் வாசலிலை நிண்டு கதைச்சவராம்."

"வயரைப் பிழையாக் கொழுவினியளோ?"

அவன் போனை எடுத்துத் தேடி, ஒரு படத்தைக் காட்டினான். புதுக் காட்ரிட்ஜின் பின்பக்கம். நான்கு சின்ன முனைகள், நான்கு மயிர்க்கம்பி வயர்கள்.

"சிவப்பும் பச்சையும் வலப்பக்கத்துக்கு, வெள்ளையும் நீலமும் இடப்பக்கத்துக்கு. எந்த வேலை செய்தாலும் முடிச்சவுடனை படம் எடுக்கிறனான். நேரத்தைப் பாருங்கோ, புதன் பத்து மணி பன்னிரண்டு. அதுக்குப் பிறகு இந்த ஸ்பீக்கர்களிலை முழுத் தட்டையும் போட்டுக் கேட்டனான். அந்த அம்மா என்ன மாதிரிப் பாடினவ. நான் வேலையை விட்டிட்டு இருந்து கேட்டனான்."

படத்தில் எல்லாம் சரியாக இருந்தது. பராசக்தியின் குத்தரிசிச் சோறு போய்விட்டது.

"வெள்ளையையும் நீலத்தையும் மாறிக் கொழுவினா என்ன நடக்கும்?"

"ரெண்டு பக்கமும் ஒண்டாத் தள்ளவேணும், ஒண்டா இழுக்கவேணும். மாறிக் கொழுவினா ஒண்டு தள்ளேக்கை மற்றது இழுக்கும். ரெண்டு ஸ்பீக்கர் இருந்தா குரல் கொஞ்சம் தண்ணியாக் கேக்கும், அவ்வளவுதான். ரெண்டையும் ஒரு ஸ்பீக்கருக்குள்ளை விட்டா..." கனிசியஸ் நிறுத்தினான். அவன் முகம் மாறியது. "நடுவிலை நிக்கிற சத்தம் தன்னைத்தானே தின்னும். ஓரத்திலை நிக்கிறதுகள் மட்டும் மிஞ்சும். ஐயா வீட்டிலை ஒரு ஸ்பீக்கர்தானே?"

"பழைய லத்தீன் தட்டு?"

"அந்தக் காலத்துத் தட்டிலை எல்லாச் சத்தமும் நடுவிலைதான். முழுக்கப் போயிடும்."

கஜீபன் கையைத் தட்டினான். "அக்கா, உது கரோக்கே வேலை. நான் கலியாண வீடுகளிலை பாடித் திரிஞ்ச காலத்திலை உப்பிடித்தான் பாட்டுக்காரரைத் தூக்கிறது. ஒரு பக்கத்தைக் கவிட்டு மற்றப் பக்கத்தோடை சேத்தா நடுவிலை நிக்கிறவர் காலி. பிறகு அந்த இடத்திலை நான் ஏறி நிண்டு சனத்தைக் கொல்லுவன்."

ஆகவே இது தவறுதலாக நடந்ததில்லை. புதன் பதினொரு மணிக்கும் ஆறு மணிக்கும் இடையில், ஒரு ஸ்பீக்கர்தான் இருக்கிறது என்று தெரிந்த ஒருவர், இரண்டே இரண்டு வயரை வேண்டுமென்றே இடம் மாற்றியிருக்கிறார்.

"இஞ்சை கரோக்கே செய்யிறவை ஆர்?" என்று பராசக்தி கேட்டாள்.

கனிசியஸ் தயங்கினான். "ஐயாவின்ரை மகள் லவீனாதான். இந்த ஒழுங்கைக்குப் பின்னாலை வீடு. அவளும் புருசனும் சவுண்ட் செட் வாடகைக்கு விடினம்."

"பிடிபட்டா," என்றான் கஜீபன்.

"ஆனா அவையள் போன திங்கள் மன்னாருக்குத் திருவிழாவுக்குப் போனவை. இன்னும் வரேல்லை."

"பிடி விட்டிட்டா," என்றான் கஜீபன். பாணும் சம்பலும் வாங்கப் போனான்.

நாலரை மணிக்கு மறுபடியும் கொழும்புத்துறை. பராசக்தி பிளேயரின் கையை மெல்லத் திருப்பிப் பூதக்கண்ணாடியால் பார்த்தாள். வெள்ளை இருக்கவேண்டிய இடத்தில் நீலம், நீலம் இருக்கவேண்டிய இடத்தில் வெள்ளை. இன்னொன்றும் இருந்தது. நீல வயரின் நுனியில் இருக்கவேண்டிய சின்னப் பித்தளைக் கவ்வி முறிந்துபோயிருந்தது. அதற்குப் பதிலாக, வெள்ளி நிறக் கம்பியால் மூன்று சுற்றுச் சுற்றி, வயரை முனையோடு கட்டியிருந்தார்கள். கட்டின் முடிவு வெளியே நீட்டாதபடி உள்ளே மடித்திருந்தது.

"கனிசியஸ் அண்ணையின்ரை கை இல்லை உது," என்று கஜீபன் காதுக்குள் சொன்னான். "நகை வேலை மாதிரி இருக்கு."

செபநாயகத்துக்கு அவள் போன் படத்தைக் காட்டி, வயர்களைக் காட்டி, விளங்கப்படுத்தினாள். அவர் நம்பவில்லை. அதனால் அம்பிளிபயரில் ஒட்டியிருந்த பிளாஸ்ரரை உரித்தாள். "தொடக்கூடாது எண்டு..." என்று அவர் எழும்புவதற்குள் ஊசியை இறக்கிவிட்டுப் பொத்தானை விடுவித்தாள்.

ஆர்மோனியம் போனது. அந்த இடத்தில் றெஜினா வந்தாள்.

முழங்குகிற குரல். பாடுகிறவள் அறைக்குள் நிற்கிறாள் என்றே தோன்றியது. பராசக்தி பொத்தானை அமத்தினாள், குரல் அணைந்தது. விட்டாள், வந்தது. செபநாயகம் இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டு விம்மினார். எழுபத்திரண்டு வயது ஆண் அழுவதைப் பார்க்கக் கஜீபனுக்கு இருப்புக்கொள்ளவில்லை. வாசலுக்குப் போய் வண்டியைத் துடைத்தான்.

"ஆர் செய்தது?" என்றார் செபநாயகம், கையை எடுக்காமல். "ஆர் அவவை அமத்தினது?"

அப்போதுதான் மக்டலீன் தேத்தண்ணியோடு வந்தாள். வந்தவள் கோப்பைகளை வைத்துவிட்டு, பாட்டைக் கேட்டு ஒரு கணம் நின்றாள். அவள் கழுத்தில் அவளே செய்த செபமாலை. மணிக்கு மணி நடுவே வெள்ளி நிறக் கம்பி வளையம். ஒவ்வொன்றும் மூன்று சுற்று, முடிவு உள்ளே மடித்தது.

விடை கையில் விழும்போது பராசக்திக்கு வழக்கமாக ஒரு சின்னச் சந்தோசம் வரும். இன்றைக்கு வரவில்லை. மக்டலீன் அடுப்படிக்குத் திரும்பியபோது அவளும் பின்னால் போனாள்.

"அக்கா, அந்தக் கவ்வி எப்பிடி முறிஞ்சது?"

மக்டலீன் அடுப்பிலிருந்த கேத்திலை இறக்கிவைத்தாள். மறுக்கிற எண்ணமே அவள் முகத்தில் இல்லை.

"மாத்தேக்கை முறிஞ்சது, தங்கச்சி. கைப்பழக்கத்திலை கட்டிப்போட்டன். கனிசியஸ்தான், கேட்டவுடனை, எந்த நிறம் எதுக்கு எண்டு சொல்லித் தந்தவன். பாவம், பெருமையாச் சொன்னவன். பாட்டிலை குரலை எடுக்கிற விதம் லவீனாவிட்டைப் போன வருசமே கேட்டு வைச்சிருந்தனான்."

"ஏன்?"

"அந்தத் தட்டை எடுத்த நாள், கொழும்பிலை இருந்து வந்தவர் கோயிலுக்குள்ளை எங்களை நிப்பாட்டினவர். அக்கா நடுவிலை. ஆர்மோனியம் வலப்பக்கம். இடப்பக்கத்திலை ரெண்டாம் குரல்." அவள் சீலைத் தலைப்பால் கையைத் துடைத்தாள். "ரெண்டாம் குரல் ஆர் எண்டு நினைக்கிறியள்?"

காலையில் செபநாயகம் 'ஆரோ ஒருத்தி' என்று சொன்னபோது இந்த அம்மா மூன்றடி தூரத்தில் தலை குனிந்து மணி கோத்துக்கொண்டிருந்தாள்.

"எனக்கு இருவத்தொரு வயசு," என்றாள் மக்டலீன். "தட்டு வந்து முதல் நாள் கேட்ட உடனை தெரிஞ்சு போச்சுது, அக்கா பாடேக்கை நான் கேக்கமாட்டன் எண்டு. அண்டைக்கு அது பெரிய விசயமாத் தெரியேல்லை. அட்டைக்குப் பின்னாலை என்ரை பேர் சின்ன எழுத்திலை இருக்கு. அவர் ஒரு நாளும் திருப்பிப் பாக்கேல்லை. தொண்ணூறுகளிலை கரன்ட் இல்லை. பற்றறியிலை ஓடுற சின்னப் பிளேயர் ஒண்டைத் தேடிப் பிடிச்சு, சைக்கிளைக் கவிட்டு டைனமோவிலை தட்டைப் போட்டுக் கேட்டவர். பெடலைக் கையாலை சுத்தினது நான். இடம்பெயர்ந்து போகேக்கை அவர் தட்டைத் துவாயிலை சுத்தித் தூக்கினவர், நான் பிள்ளையைத் தூக்கினனான். அக்காவோடை எனக்கு ஒரு கோவமும் இல்லை, தங்கச்சி. இருவத்தாறு வயசிலை போன சீவன்."

"அவரிட்டைச் சொல்லியிருக்கலாமே, அக்கா."

"முப்பத்தெட்டு வருசம் ஒரு வீட்டிலை இருக்கிற மனிசி, 'இதுதான் என்ரை குரல்' எண்டு போய் அறிமுகம் செய்யவேணுமோ?" அவள் குரல் உயரவில்லை. "ஒரு கிழமை அக்கா இல்லாமல் கேக்கட்டும் எண்டு நினைச்சன். கேட்டால் கண்டுபிடிப்பார், 'உது நீரோ' எண்டு கேப்பார் எண்டு நினைச்சன். முதல் நாள் கேட்டவர்தான். 'ஆர் உவள் மூலையிலை நிண்டு கத்திறாள்' எண்டு."

வெளியே தட்டு முடிந்து ஊசி உரசிக்கொண்டிருந்தது. யாரும் போய்த் தூக்கவில்லை.

பராசக்தி மெதுவாகச் சொன்னாள். "வயர் தானாக் கழண்டு மாறிப்போச்சுது எண்டு நான் சொல்லலாம்."

"அப்ப கனிசியஸ் ஒழுங்காக் கொழுவேல்லை எண்டு வரும். அவன்ரை பேர் கெட்டது காணும். இவர் பொலிசுக்கு எழுதேக்கையே நான் வாய் திறந்திருக்கவேணும். வேண்டாம் வேண்டாம் எண்டு சொன்னனே தவிர, ஏன் எண்டு சொல்லப் பயந்திட்டன். அது என்ரை பிழை." அவள் பராசக்தியைத் தாண்டி நடந்தாள். "நான்தான் சொல்லவேணும்."

சொன்னாள். முன்னறையில், படத்துக்கு நேரே நின்று, அடுப்படியில் சொன்னதில் பாதியைக்கூடச் சொல்லவில்லை. வயரை மாற்றியது தான், கனிசியஸுக்கு ஒன்றும் தெரியாது, மூலையில் பாடுவது தன் குரல். மூன்றே வசனம்.

செபநாயகம் அவளைப் பார்த்தார். கோபம் வரும் என்று பராசக்தி எதிர்பார்த்தாள். கோபம் வந்திருந்தால்கூட நல்லது என்று பிறகு நினைத்தாள்.

"நீரும் பாடினனீரோ?" என்றார்.

"ஓம்."

"எனக்கு ஒருத்தரும் சொல்லேல்லை." அவர் சுவர் மணிக்கூட்டைப் பார்த்தார். "பிள்ளை, உதைத் திருப்பிச் சரியாக் கொழுவலாமோ? ஆறு மணியாகப் போகுது."

கஜீபன் வாசலில் வந்து நின்றிருந்தான்.

பராசக்தி மேசையிலிருந்த முறைப்பாட்டுப் பிரதியை எடுத்து அவர் மடியில் வைத்தாள். "முதல்லை ஸ்ரேசனுக்குப் போன் எடுத்து இதை வாபஸ் வாங்குங்கோ, ஐயா. அதுக்குப் பிறகுதான் வயர்."

"திங்கக்கிழமை நேரை போய்..."

"இப்ப."

அவர் போனை எடுத்தார். "ஓம் சேர்... தட்டு இருக்கு சேர்... இல்லை, களவில்லை. வீட்டிலை ஒரு சின்ன வயர்ப் பிழை," என்றார். சின்ன வயர்ப் பிழை என்று இரண்டு தரம் சொன்னார்.

வயரைத் திருப்பிக் கொழுவியது மக்டலீன்தான். செபமாலைக் கம்பி வளைக்கும் குறட்டைக் கொண்டுவந்து, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, வெள்ளையை வெள்ளையின் இடத்திலும் நீலத்தை நீலத்தின் இடத்திலும் வைத்தாள். நீலத்துக்கு மறுபடியும் மூன்று சுற்று. பொத்தானை அமத்திப் புதுப் பிளாஸ்ரர் ஒட்டினாள். ஆறு மணிக்கு ஊசியை இறக்கியதும் அவளே.

றெஜினா முழுதாகப் பாடினாள். ஆர்மோனியமும் வந்தது. செபநாயகம் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டார். அவர் முகத்தில் இருந்த நிம்மதியைப் பராசக்தியால் பார்க்க முடியவில்லை. இப்போது அவள் இரண்டாம் குரலைத் தேடித் தேடிக் கேட்டாள். இருக்கிறது என்று தெரிந்தும், எவ்வளவு காதைக் கொடுத்தும், அகப்படவில்லை.

அவர்கள் வண்டியில் ஏறும்போது மக்டலீன் ஒரு துணிப் பையோடு வெளியே வந்தாள். படலையைச் சத்தமில்லாமல் சாத்தினாள்.

"குருநகர்ப் பக்கம் போறியளோ? லவீனாவின்ரை வீட்டுத் திறப்பு என்னட்டை இருக்கு. அதுக்கு முதல் கனிசியஸின்ரை கடைக்கு விடும், தம்பி."

"ஐயாவிட்டைச் சொன்னனீங்களோ?" என்றான் கஜீபன்.

"பாட்டுக்குள்ளை கதைச்சா அவருக்குப் பிடிக்காது."

கடையில் கனிசியஸ் ஒரு பழைய றேடியோவைத் திறந்து வைத்திருந்தான். மக்டலீன் வாசலிலேயே நின்று சொன்னாள். "தம்பி, வயரை மாத்தினது நான். உம்மைப் பொலிஸ் இனிக் கூப்பிடாது. மன்னிச்சுக்கொள்ளும்."

அவன் றேடியோவிலிருந்து தலையை நிமிர்த்தினான். "விளங்கப்படுத்தச் சொல்லிக் கேட்டது உதுக்கோ, அம்மா?"

"ஓம்."

"ஏழு பேர் போயிட்டினம். பொலிஸ் கூப்பிடாட்டி அவை திரும்பி வருவினமோ?" அவன் ஈயம் உருக்கும் கோலைத் தாங்கியில் வைத்தான். மன்னித்தேன் என்று சொல்லவில்லை.

"அந்த ஏழு பேரின்ரை பேரையும் எழுதித் தாரும். நாளைக்கு ஞாயிறு. பூசை முடிய, அவர் நிண்டு கதைச்ச அதே வாசலிலை நிண்டு நான் சொல்லுறன்."

"சனம் ஏன் எண்டு கேக்கும், அம்மா. சிரிக்கும்."

"சிரிக்கட்டும்."

அவன் ஒரு துண்டுக் கடதாசியில் எழுதினான். அவள் ஒவ்வொரு பெயராக வாசித்து, இரண்டு பேரின் வீடு எங்கே என்று கேட்டு, மடித்துச் சட்டைக்குள் வைத்துக்கொண்டாள்.

அந்த நேரம் பராசக்தியின் போன் அடித்தது. செபநாயகம். மணி ஏழாக ஐந்து நிமிடம். தட்டின் இரண்டு பக்கமும் முடிந்து, திரும்ப ஒரு பக்கம் போட்டுக் கேட்டிருக்கிறார் என்று அவள் கணித்தாள். எல்லோருக்கும் கேட்கும்படி சத்தத்தைக் கூட்டி வைத்துப் பேசினாள்.

"பிள்ளை, மக்டலீனைக் காணேல்லை," என்றார் அவர். "கூப்பிட்டுக் கூப்பிட்டுப் பாத்தன். அடுப்படியிலையும் இல்லை. இப்பிடி ஒரு நாளும் போனதில்லை. நீங்கள் உந்த வேலைதானே செய்யிறனீங்கள், தேடித் தருவியளோ?"

பராசக்தி மக்டலீனைப் பார்த்தாள். மக்டலீன் வேண்டாம் என்று தலையாட்டவில்லை. சொல் என்றும் காட்டவில்லை. போனைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள், அடுத்து என்ன வரப்போகிறது என்று கேட்கிறவள் போல.

"தேடலாம், ஐயா," என்றாள் பராசக்தி. காணாமல் போனவர்களைப் பற்றி எல்லோரிடமும் முதலில் கேட்கிற கேள்வியையே கேட்டாள். "கடைசியாக் காணேக்கை என்ன நிறச் சீலை உடுத்திருந்தவ?"

செபநாயகம் மூச்சுவிடுவது மட்டும் கேட்டது. கஜீபன் கூரையைப் பார்த்தான். கனிசியஸ் றேடியோவுக்குள் குனிந்துகொண்டான்.

"சீலையோ சட்டையோ..." என்றார் கடைசியில். "கவனிக்கேல்லை, பிள்ளை."

மக்டலீன் துணிப் பையைத் தோளில் போட்டுக்கொண்டு, மகளின் வீட்டுத் திறப்பைக் கையில் எடுத்தபடி, ஒழுங்கைக்குள் நடந்து போனாள்.

"அப்ப தேடிப் பிடிக்கிறது கஷ்டம், ஐயா," என்று சொல்லிப் பராசக்தி போனை வைத்தாள்.